குமிழ் நிற்க வேண்டும்

டி.வி. உறையில் ஒரு குமிழ் மட்டும் சூடாக இருந்தது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. டி.வி.யை யாரும் போடவில்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்து, சித்திரக்குளத்தை ஒட்டிய சந்தில் இருந்த அந்த முதல்மாடி வீட்டுக்குள் பட்டப்பகலிலேயே ஒரு மங்கல் இறங்கியிருந்தது. நாற்காலிக் கை, அலமாரிக் கண்ணாடி, சுவர், எதைத் தொட்டாலும் ஈரச் சில்லிப்பு. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஹாலைத் தூசி தட்டிக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மியின் விரல், குரோஷா ஊசியால் சந்தன நிற நூலில் பின்னிய அந்த உறையின் மேல், ஓரத்து வரிசையில் பட்டாணி பட்டாணியாகப் புடைத்து நிற்கும் குமிழ்களில் ஒன்றின் மேல் பட்டதும் தானாகப் பின்வாங்கியது. அடுத்த குமிழைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். மறுபடியும் அந்த ஒன்றைத் தொட்டாள். காய்ச்சல்காரியின் உள்ளங்கை மாதிரி இருந்தது.

அம்மா பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்திருப்பாளோ என்று பார்த்தாள். இல்லை. பெண் பார்க்கிற நாளின் பதட்டம் இன்றைக்கு விரலுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது என்று தன்னையே கேலி செய்துகொண்டு, துணியை உதறிவிட்டு உள்ளே போனாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இது எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணுவதை விட்டாயிற்று. அம்மா மட்டும் விடவில்லை, ஒவ்வொரு தடவை கேசரி கிளறும்போதும் இதுவரை எத்தனை வாணலி கேசரி வீணாய்ப் போயிற்று என்று சொல்லிக்காட்டுவாள். அண்ணன் அம்பி அதைக்கூடச் சொல்லமாட்டான். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மறு கல்யாணத்துக்கு ஒரு ஜாதகம் தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. தங்கை வெளியே போனால்தான் புதுப் பெண்டாட்டி உள்ளே வர முடியும். இந்த வீட்டில் ஜெயலக்ஷ்மி ஒரு அடைப்பு. குழாயில் தக்கை அடைத்துக்கொண்டால் பார்ப்பார்களே, அந்தப் பார்வையைத்தான் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து அவள் முழுங்கிக்கொண்டிருந்தாள். போய்விட வேண்டும். எங்கேயாவது, யாரோடாவது. அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆதம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சந்திரமௌலி, வங்கியில் வேலை, முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்தது. அவனும் அவன் அம்மாவும் மட்டும்தான். மழையில் நனைந்த வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே அவன் சிரித்தான். ஜெயலக்ஷ்மி பாடினாள். காபி கொடுத்தாள். பிறகு அவன், யாரும் எதிர்பார்க்காதபோது, அவளைப் பார்த்து, "பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவேளா? உங்களுக்குக் கடல் பிடிக்குமா?" என்று கேட்டான்.

உனக்கு எது பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அந்த மாமியின் கண் டி.வி.யின் மேல் இருந்தது. எழுந்து போனாள். உறையின் நுனியைத் தூக்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னல் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். குமிழ்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுக்கிய குமிழ் ஒவ்வொன்றும் மறுபடி எழுந்து நின்றது.

"யார் போட்டது இது?"

அம்மா கண் இமைக்கவில்லை. "எல்லாம் எங்க ஜெயா கைவேலைதான். சும்மாவே உக்கார மாட்டா."

பெண் பார்க்கிற வீடுகளில் சொல்கிற வழக்கமான பொய் அது. கடையில் வாங்கிய பாசிமணிக் கிளிப் பொம்மையும், அடுத்த வீட்டுப் பெண் தைத்த தலையணை உறையும் அந்த ஒரு நாளைக்கு எங்கள் பெண் பண்ணினதுதான். யாரும் துருவிக் கேட்பதில்லை. கேட்கிறவர்கள் வீட்டிலும் அதே மாதிரிதானே. ஆனால் இந்த மாமி கேட்டாள். தானும் பல வருஷமாக இந்தக் குமிழைப் போட்டுப் பார்ப்பதாகவும், தான் போட்டால் அப்பளமாகப் படுத்துக்கொள்வதாகவும், இப்படி நிற்கிற குமிழை எங்குமே பார்த்ததில்லை என்றும் சொன்னாள். பிறகு ஜெயலக்ஷ்மியின் மோவாயைத் தொட்டு, "நிச்சயதார்த்தத்தன்னிக்கு எங்காத்து டி.வி.க்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டு வரிசைத் தட்டுல வெச்சுடு. எனக்கும் உக்காந்து சொல்லிக் குடுக்கணும், என்ன?" என்றாள்.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம். அம்பி பேப்பரை மடித்து வைத்தான்.

ஜெயலக்ஷ்மிக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அந்த உறையைப் போட்டது மதுவந்தி, அம்பியின் பெண்டாட்டி. செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

மதுவந்திக்குக் கரு கலைந்து ரத்தப்போக்கு நிற்காமல் இருந்த சமயம் அது. ஜெயலக்ஷ்மியைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வருகிறது. வருகிறவர்கள் கண்ணில் இப்படி ஒருத்தி பட்டால் அபசகுனம், பேசாமல் படுத்துக்கொள்ளட்டும் என்று அம்மா அவளைப் பின் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஜெயலக்ஷ்மியும் பார்த்தாள். பாட்டு நடுவில் பின் அறைக் கதவிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. ஜெயலக்ஷ்மி குரலை உயர்த்தினாள். கணீரென்று பாடுகிறாள் என்று அவர்கள் மெச்சினார்கள். அவர்கள் போய், பாத்திரமெல்லாம் தேய்த்து முடித்து, பிறகு கதவைத் திறந்தார்கள். மதுவந்தி கதவடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் குரோஷா ஊசி, ஊசியில் கடைசி வளையம், மடியில் இந்த உறை. அவள் பிறந்த வீட்டுக்கு ரத்தசோகை என்று சொன்னார்கள். பெங்களூர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அம்மா அந்தக் கடைசி வளையத்திலிருந்து ஊசியை உருவி, நூலைக் கத்தரித்து, பிரியாமலிருக்க ஒரு முடிச்சுப் போட்டாள். நன்றாக அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு டி.வி.க்கு மாட்டினாள். நல்ல வேலைப்பாடு, வீணாகக் கூடாதே என்றாள். பின் அறைக் கதவின் உள்பக்கத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தார்கள். அறையை ஜெயலக்ஷ்மிக்குக் கொடுத்தார்கள்.

மாமி கேட்டுவிட்டுப் போன மறுநாள், பாண்டி பஜாரில் நூல் விற்கிற கடையில் ஜெயலக்ஷ்மி ஊசியும் அதே சந்தன நிற நூலும் வாங்கினாள். கடைக்காரப் பெண் கல்லாப் பக்கத்திலேயே நின்று செய்து காட்டினாள். சுலபம்தான் அக்கா என்றாள். ஒரே ஓட்டையில் ஐந்து நெட்டைத் தையல் போட வேண்டும். பிறகு வளையத்திலிருந்து ஊசியை உருவிவிட்டு, முதல் தையலின் தலையில் நுழைத்து, விட்ட வளையத்தைக் கொத்தி, ஐந்துக்கும் நடுவே இழுக்க வேண்டும். ஐந்தும் தலையோடு தலை சேர்ந்து கூன்போட்டு முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். மேலே ஒரு சங்கிலி போட்டுப் பூட்டிவிட வேண்டும். ஊசியை உருவும் அந்த ஒரு கணம்தான் ஜாக்கிரதை, வளையம் வெறுமனே நிற்கும், யாராவது நூலை இழுத்தால் அத்தனையும் போச்சு.

அந்தப் பெண் செய்தபோது குமிழ் வந்தது. பின் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெயலக்ஷ்மி செய்தபோதும் வந்தது. ஊசியை எடுத்ததும் படுத்துவிட்டது. இறுக்கிப் போட்டாள், தளர்த்திப் போட்டாள், ஐந்துக்குப் பதில் ஆறு போட்டாள். எல்லாம் அப்பளம். மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. ஈர நூலின் வாசனை, புதுப் பெயின்ட் என்று சொல்லிக்கொண்டாலும் மூன்று வருஷம் பழசான அந்தப் பெயின்ட்டின் வாசனை, அதற்கடியில், எங்கிருந்தோ, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தது போன்ற ஒரு வாசனை. மதியமெல்லாம் போட்டுப் பிரித்து, போட்டுப் பிரித்து, நூல் பஞ்சாகிவிட்டது. அழுகையாக வந்தது. ஒரு குமிழ் நிற்கவில்லை என்பதற்காக இந்த வீட்டிலேயே கிடந்து சாக வேண்டுமா?

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "பொட்டுண்டு குமிழ் வரலைங்கறே. அவ எப்படிப் போட்டா? அவளுக்கு மட்டும் நாலு கையா?"

அதற்கு மறுநாள் பாத்திரம் தேய்க்க வந்த பாஞ்சாலி, ஹாலில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மியின் எதிரில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அம்பி ஆபீஸில்.

"யக்கா, பின்னாடி ரூம்ல யாரு கீறாங்க?"

யாரும் இல்லை என்றாள் ஜெயலக்ஷ்மி.

"இல்லக்கா. உள்ளருந்து கதவ சொரண்டிக்கினே கீறாங்க. நான் கொரல் குடுத்தேன், நின்னுச்சு. அப்பால மறுக்கா சொரண்டுது."

எலியாயிருக்கும் என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள். பாஞ்சாலி அந்த வீட்டில் ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். கதவைத் திறந்த அன்று தரையைக் கழுவியதும் அவள்தான். ஈரக் கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் பிறகு வரவில்லை.

ஜெயலக்ஷ்மி அன்றைக்குத்தான் டி.வி.யிலிருந்து உறையைக் கழற்றிப் பின் அறைக்கு எடுத்துப்போனாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆதம்பாக்கத்திலிருந்து காலையில் போன் வந்திருந்தது. சந்திரமௌலி. ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போகலாம், ஊரூர்க் குப்பத்துப் பக்கம் கூட்டம் இருக்காது, படகுமேல் சாய்ந்து உட்காரலாம் என்றான். அந்தப் படகு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. பயத்தைவிட அது பெரியதாக இருந்தது.

மதுவந்தி எப்படிப் போட்டாள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்; குரோஷாவைக் கடைசித் தையலிலிருந்துதான் பிரிக்க முடியும். அம்மா போட்ட முடிச்சைக் கண்டுபிடித்தாள். ஓரத்து வரிசையில், அன்றைக்குச் சூடாக இருந்த அந்தக் குமிழுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போதும் சூடாகத்தான் இருந்தது. முடிச்சை ஊசிமுனையால் நெம்பினாள். விட்டது. நூலை இழுத்தாள். பூட்டுச் சங்கிலி போயிற்று. ஐந்து தையலும் ஒன்றையொன்று விட்டு விலகின. குமிழுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவள் மடியில் விழுந்தது.

எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

நகம்.

வெட்டின நகம் இல்லை. முழு நகம். ஒரு ஓரம் பிய்ந்து, அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டிக்கொண்டு, மேலே கொஞ்சம் பச்சைப் பெயின்ட். அறைக் கதவுக்கு அந்தக் காலத்தில் பச்சைப் பெயின்ட்தான்.

கீழே போட்டாள். கையை உதறினாள். கட்டிலின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். மதுவந்தியைக் கிடத்தியபோது அம்மா அவள் இரண்டு கையையும் புடவைக்குள் மறைத்துச் செருகியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது மரியாதை என்று நினைத்தாள்.

மழை விட்டது. தெருவில் தண்ணி லாரி வந்து, குடங்கள் மோதிக்கொண்டு, போயிற்று. பிறகு அவள் செய்ததைச் சொன்னால் நம்பக் கஷ்டம், ஆனால் முப்பத்திரண்டு வயதுவரை ஒரு வீட்டில் தக்கையாக அடைத்துக்கொண்டு கிடந்தவள் எதைத்தான் செய்யமாட்டாள்? எழுந்து வந்தாள். ஊசியை எடுத்தாள். தன் நூலில் ஐந்து தையல் போட்டாள். இழுத்து மூடுவதற்கு முன், அந்த நகத்தை உள்ளே வைத்தாள்.

குமிழ் நின்றது.

அமுக்கினாள். எழுந்தது. மறுபடி அமுக்கினாள். எழுந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கொடுமை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கடைசி வரிசையை முழுக்கப் பிரித்தாள். நகங்கள் முழுதாகச் சில, துண்டும் துணுக்குமாகச் சில. எல்லாவற்றையும் தன் பின்னலுக்கு மாற்றினாள். விரல்கள் பழகிவிட்டன, பழகிவிட்டன என்றுகூடச் சொல்ல முடியாது, ஊசி எங்கே போக வேண்டுமென்று அவளுக்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்திருந்தது. சில சமயம் வளையத்திலிருந்து ஊசியை உருவும்போது, வெறுமனே நிற்கிற அந்த வளையத்தை யாரோ எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்வது போல நூல் லேசாக விறைக்கும். உதவி செய்கிற மாதிரி. கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து பார்ப்பது போல மூச்சு படும், அந்தத் துரு வாசனையோடு. திரும்பமாட்டாள். திரும்பினால் ஒரு தையல் தப்பிவிடும்.

ஓரத்தில் ஒரு பக்கம் முடிந்தது. மதுவந்தியின் நகங்கள் தீர்ந்தன. ஆதம்பாக்கத்து டி.வி. பெரிய டி.வி., மாமி அளவு கொடுத்திருந்தாள்.

அடுத்த குமிழ் படுத்தது.

ஜெயலக்ஷ்மி தன் நகவெட்டியைத் தேடி எடுத்தாள். வெட்டின துண்டை வைத்தாள். நின்றது. நகங்களை ஒட்ட வெட்டினாள். பத்து விரலும் முடிந்தது. கால் விரல்களுக்குப் போனாள். அதுவும் முடிந்தது. ஓரம் பாதிதான் வந்திருந்தது. நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சதைக்குள் இருப்பதும் நகம்தானே. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா அவள் விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உறை எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். பிறகு நிச்சயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றியிருந்தபோது, மருதாணியை மைய அரைத்துக் கொண்டுவந்து, அவள் பத்து விரல் நுனியிலும் தொப்பி தொப்பியாகக் கவிழ்த்து அப்பினாள். நகம் இல்லாதது இனிமேல் தெரியாது. மருதாணி பச்சைப் புண்ணில் பட்டு உயிர் போயிற்று. "பல்லைக் கடிச்சுக்கோ. நாளைக்கு ஒரு நாள்தானே" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் ஹால் நிரம்பிவிட்டது. ஜமுக்காளம், மல்லிகை, புதுப் பட்டு, நெய், காபி. ஆதம்பாக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வரிசைத் தட்டில் பழம், பூ, கற்கண்டு; நடுவில் மடித்து வைத்த உறை. லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றினார்கள். சந்திரமௌலி எதிர்வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான். இதைத் தாண்டிவிட்டால் கடல், படகு, ஆதம்பாக்கம், வேறு சுவர்கள், வேறு கதவுகள்.

மாமி உறையை விரித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். குமிழை அமுக்கினாள். முகம் மலர்ந்தது. நாலைந்து மாமிகளைக் கூப்பிட்டாள். எல்லாரும் அமுக்கிப் பார்த்தார்கள்.

"எங்க, ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டு. எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சுக்கறேன்" என்று பையிலிருந்து நூலும் ஊசியும் எடுத்தாள் மாமி.

ஜெயலக்ஷ்மி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

உட்கார்ந்தாள். சங்கிலி போட்டாள். ஒரே ஓட்டையில் ஐந்து தையல். ஊசியை உருவி, முதல் தையலில் நுழைத்து, வளையத்தைக் கொத்தி இழுத்தாள். குமிழ் புடைத்தது.

படுத்தது.

கூட்டத்தில் ஒருத்தி மற்றொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். மாமியின் புருவம் மெல்ல ஏறியது. உறையைப் பார்த்தாள், அவள் கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சந்திரமௌலி அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவன் புன்னகை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

"பதட்டம்" என்றாள் அம்மா. "இன்னொரு தரம் போடுடி."

பிரித்தாள். மறுபடி ஐந்து. உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை.

மல்லிகை வாசனைக்கு நடுவே துரு வாசனை வந்தது. கழுத்தில் மூச்சு. இந்தத் தடவை பின்னாலிருந்து ஒரு கை வந்து, சில்லென்று, அவள் வலது கைமேல் படிந்தது. சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஊசி முனையை நூலிலிருந்து எடுத்து அவளுடைய இடது சுண்டு விரலுக்குக் கொண்டுபோயிற்று. மருதாணிச் சிவப்பின் நடுவே, நகம் இருந்த இடத்தில், வைத்தது. கொத்தியது.

வலிக்கவில்லை.

இழுத்தது. நூலாக வந்தது. மெல்லிய, ஈரமான, சிவந்த நூல். நூற்கண்டு ஜமுக்காளத்தில் உருண்டு ஒரு ஓரமாக நின்றுவிட்டது. அது அசையவே இல்லை. ஆனால் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தையல். சுண்டு விரல் முதல் கணுவரை இல்லை. பிறகு இரண்டாம் கணு. பிறகு அந்த விரலே இல்லை.

ஊசியைக் கீழே போட்டால் போதும். கை அவள் கைதான். அந்தச் சில்லென்ற கை லேசாகத்தான் பிடித்திருந்தது. கீழே போட்டுவிடட்டும் என்று அதுகூடக் காத்திருந்தது போலிருந்தது.

ஜெயலக்ஷ்மி நிமிர்ந்தாள். சந்திரமௌலி பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால், நடை முடிகிற இடத்தில், பின் அறைக் கதவு.

போடவில்லை.

மோதிர விரல். இரண்டாவது தையல்.

நடு விரல். மூன்று.

ஆள்காட்டி விரல்.

கட்டை விரல்.

ஐந்தும் தலையோடு தலை சேர்ந்தன. இழுத்தாள். பூட்டினாள்.

மாமி குனிந்தாள். கட்டைவிரலால் அமுக்கினாள். குமிழ் எழுந்தது. மறுபடி அமுக்கினாள். எழுந்தது. மாமியின் முகம் விரிந்தது. பக்கத்திலிருந்தவர்களும் ஒவ்வொருவராக அமுக்கிப் பார்த்தார்கள். யாரும் ஜெயலக்ஷ்மியின் மடியில் கிடந்த மொண்ணைக் கையைப் பார்க்கவில்லை.

"நிக்கறதே! சிவப்பு நூல் வேற சேத்திருக்கே. லக்ஷணமா இருக்கு" என்றாள் மாமி. சந்திரமௌலி சிரித்தான். அம்பி ஜன்னலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தான். யாரோ காபி கொண்டுவரச் சொன்னார்கள்.

"கை ஓடறது கண்ணுக்கே தெரியலை" என்றாள் மாமி. "இன்னொண்ணு போடேன், சரியாப் பாத்துக்கறேன்."

"போடுடி. ஆசையாக் கேக்கறா பாரு" என்றாள் அம்மா.

ஜெயலக்ஷ்மியின் பிடியிலிருந்து ஊசியை யாரோ பின்னாலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். நகமே இல்லாத விரல்கள். ஊசியைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முனையை அவள் பக்கம் திருப்பி, பொறுமையாகக் காத்திருந்தன.

அவள் வலது கையை நீட்டினாள்.